மணலுக்குள் ஐந்து மாதம்

என் மிசினை என்னைக் கேளாமல் நிறுத்திய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ஒரு பெண். தரை கூட்டுகிற தும்புத்தடியும் கையுமாக வந்து நிறுத்தினார்.

கனடாவில், பார்க்டேலில் நான் பம்ப் திருத்துகிற கடை வைத்திருந்த காலம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பனி கரையத் தொடங்கினால் அந்தப் பக்கத்துப் பழைய செங்கல் வீடுகளின் பேஸ்மென்ற் எல்லாம் தண்ணீர்தான். அதை வெளியே தள்ள ஒவ்வொரு வீட்டிலும் நிலத்துக்குக் கீழே ஒரு சின்னப் பம்ப் இருக்கும். அது நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒரு பழைய பம்பைத் திருத்தி, பீப்பாவுக்குள் இறக்கி, ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் பீப்பாவுக்குள் விழ விழ, பம்ப் அதைத் தரையிலுள்ள ஓட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அரை மணித்தியாலமாக ஓடுகிறது. நான் கதிரையில் சாய்ந்திருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பம்பின் சத்தம் எனக்கு நாதஸ்வரக் கச்சேரி.

கடைக்கு மேலுள்ள மாடிகளைத் துப்புரவாக்க வருகிற அந்தப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல உயரம். ஆண்கள் போடுகிற குளிர்க்கோட் போட்டிருந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. சுவிச்சை நிறுத்தினார், குழாயைப் பூட்டினார், தும்புத்தடியைப் பீப்பாவுக்குள் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பெருவிரலால் பிடித்துப் பார்த்தார்.

"மிச்சம் இவ்வளவுதான் கிடக்கு," என்றார்.

"மிச்சம் என்ன மிச்சம்? குழாயைத் திறந்தா வரும்தானே."

"குழாய்க்கு அங்காலை எவ்வளவு கிடக்கு?"

"அங்காலை ஏரி கிடக்கு. கடல் மாதிரி ஏரி."

"ஆர் அளந்தது?"

நான் எழும்பிச் சுவிச்சைத் திரும்பப் போட்டேன். ஓடுகிற மிசினை நிறுத்த விடுகிற ஆள் நானில்லை. என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீசு. அவருடையது கொஞ்சம் உடைந்தது, என்னுடையது பொடிப்பொடியாக உடைந்தது. அவர் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் அவருடைய குரல் எனக்குக் கேட்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பன்னிரண்டு வயதில் மண்ணெண்ணெய் மிசினுக்குக் கீழே படுத்தவன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் என் கை படாத தண்ணீர் மிசின் கிடையாது. வேலிக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டே எந்தத் துண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கனடாவுக்கு வந்து கோப்பை கழுவினேன், பிறகு இன்னொருவனிடம் பம்ப் திருத்தினேன், பிறகு அவனுடைய கடையையே எடுத்தேன். படித்த எஞ்சினியர்மார் ரக்சி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஐந்து வான் வண்டி ஓடியது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இதை அவரிடமும் சொன்னேன். எல்லாரும் "அப்பிடியோ அண்ணை" என்பார்கள். அவர் கேட்டது வேறு.

"மழை பெய்யாத வருசத்திலை உந்த அஞ்சிலை எத்தினை ஓடும்?"

அதுதான் அவர். யார் எதைக் காட்டினாலும், எவ்வளவு இருக்கிறது என்று கேட்க மாட்டார். எடுத்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்றுதான் கேட்பார்.

ஒரு நாள் மத்தியானம் என் மனைவி சோறு கறியோடு கடைக்கு வந்திருந்தாள். அவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். கோப்பையை நீட்டுவதற்கு முன் அவர் எழும்பிப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். எங்கள் ஊரில் விருந்துக்கு வந்தவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் அதைவிட அவமானம் வேறில்லை. மனைவியின் முகம் கறுத்துவிட்டது.

"என்னவாம் பாக்கிறா? சமைச்சது காணாதெண்டோ?" என்று தமிழில் என்னிடம் முறைத்தாள்.

அவருக்கு விளங்கிவிட்டது. "கடைசியாச் சாப்பிடுறது நீ. உனக்கு மிஞ்சுமோ எண்டு பாத்தனான்," என்றார்.

இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் யாரும் அதைப் பார்த்ததில்லை என்று அன்று பின்னேரம் மனைவி எனக்குச் சொன்னாள். சொன்ன விதம் நல்லாயில்லை. அன்றிலிருந்து அவரை "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். என்னை அவர் கூப்பிட்டது "மிஸ்ரர் பம்ப்" என்று. பகிடியாகத்தான், ஆனால் சிரிக்காமல் கூப்பிடுவார்.

அவருடைய ஊர் கென்யாவின் கிழக்குப் பக்கம். வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் பராமரிக்க வந்தவர். அந்த அம்மா செத்துப்போக, கட்டிடம் துப்புரவாக்கும் வேலைக்கு வந்தார். சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடித் தொகுதியில், பதினெட்டாம் மாடியில், இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறை. ஊரில் தாயும், பதினொரு வயது மகளும். நிரந்தர வதிவிடப் பேப்பர் கையில் வந்ததும் மகளைக் கூப்பிடுவது என்ற ஒரே நினைப்பில் இருந்தார். இதெல்லாம் ஒரே நாளில் சொன்னதல்ல. ஒரு சொல் இன்றைக்கு, ஒரு சொல் அடுத்த மாதம் என்று, தண்ணீரைப் போலவேதான் பேச்சையும் செலவழிப்பார்.

தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்டால் நிறுத்தமாட்டார்.

அவருடைய ஊர் ஆற்றில் வருடத்தில் சில நாட்கள்தான் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் வெறும் மணல். அந்த ஆற்றுக்குக் குறுக்கே ஊர்ப் பெண்கள் கல் சுமந்து இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வரும்போது சுவருக்குப் பின்னால் மணல் வந்து நிரம்பும். அந்த மணலுக்குள் தண்ணீர் நிற்கும். வெளியே பார்த்தால் காய்ந்த மணல். வெயில் உறிஞ்ச முடியாத தண்ணீர் உள்ளே. கரையில் ஒரு கிணறு, அதற்கு மூடி, மேலே கையால் அடிக்கிற பம்ப். வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. கிழமைக்கு ஒரு தரம் கிணற்றுக்குள் ஒரு தடியை இறக்கி அளப்பார்கள். தடியில் வெட்டுகள் இருக்கும். முதல் வெட்டுக்குத் தண்ணீர் இறங்கினால் செங்கல் அறுப்பதை நிறுத்துவார்கள். இரண்டாம் வெட்டுக்கு இறங்கினால் மாடுகளைத் தூரத்துக்கு ஓட்டுவார்கள். மூன்றாம் வெட்டில் உடுப்புத் தோய்க்கக் கூடாது. அந்தத் தடியைப் பிடித்தவர் இவர்தான். எட்டு வருடம்.

"முந்தி வருசத்துக்கு ரெண்டு மழை," என்றார். "நாளைச் சொல்லி விதைக்கலாம். இப்ப ஒண்டு வாறேல்லை. மற்றது வந்தா ஒரே நாளிலை வந்து மண்ணையும் அள்ளிக்கொண்டு போகுது. தடியிலை ஒரு வெட்டுக் கூடப் போட்டனாங்கள்."

"உதுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு ரெண்டிஞ்சி மிசின் குடுக்கிறன். சும்மா அடிச்சுத் தள்ளும்."

"வேண்டாம்."

"விலையைப் பற்றி யோசிக்காதையுங்கோ. சும்மா தாறன்."

"எங்களுக்குத் தேவை உள்ளங்கையளவு ஒரு ரப்பர் வளையம். கைப்பம்புக்குள்ளை தேஞ்சுபோச்சு. அது இருந்தால் தா."

நான் சிரித்தேன். உள்ளங்கையளவு ரப்பர் கொடுக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? யாழ்ப்பாணத்துக் குடாநாட்டில் ஒரு ஆறு கிடையாது. கிணற்றையும் மிசினையும் வைத்துக்கொண்டு கொழும்புக்கே வெங்காயமும் மிளகாயும் அனுப்பியவர்கள் நாங்கள். தண்ணீரைப் பற்றி எங்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? இறைக்கிற கிணறு ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். வருடத்தில் ஒரு நாள் மிசினை வைத்துக் கிணற்றை அடிவரை இறைப்போம். இறங்கிச் சேற்றை அள்ளுவோம். அடியில் ஊற்றுக்கண் திறந்து, விடிய எழும்பிப் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிற்கும். அந்த ஊர்ச் சனத்துக்கு அது தெரியாமல், தடியை விட்டு அளந்துகொண்டு தாகத்தோடு இருக்கிறார்களே என்று எனக்கு உண்மையாகவே மனம் வருந்தியது. இதை நம்புங்கள். கெட்ட மனத்தோடு நான் அதைச் செய்யவில்லை.

அவர் போகிற சேர்ச் சபையிலிருந்து அந்த ஊருக்குக் கப்பலில் ஒரு கொள்கலன் போகவிருந்தது. பள்ளிக்கூட மேசை, உடுப்பு, தையல் மிசின் என்று நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கடையிலிருந்த புது மிசின் ஒன்றை, குழாயும் சேர்த்து, அவருக்குத் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பெயரில் போனால் வாங்குவார்களோ என்று சந்தேகம். அதனால் அவருடைய பெயரைக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியத்துக்கு என் பெயரைப் போடாமல் விட்டது அது ஒன்றுதான்.

கூடவே ஒரு கடிதம். என் மூத்த மகள் இங்கிலீசில் எழுதித் தந்தாள். எழுதும்போது கேட்டாள்: "அப்பா, அந்த அன்ரி ஓகே சொன்னவவோ?"

"ஓம், நீ எழுது," என்றேன்.

கைப்பம்பைக் கழற்றிவிட்டு மிசினின் குழாயை அடிவரை இறக்கவும். காலை முதல் மாலை வரை இறைக்கவும். தண்ணீர் குறைந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் ஊற்றுக்கண் திறக்கிற நேரம், நிறுத்தாமல் இறைக்கவும். இதுதான் கடிதம். அடியில் அவருடைய பெயர்.

கொள்கலன் போய்ச் சேர மூன்று மாதம் எடுத்தது. அதற்குள் நான் கதையைச் சும்மா வைத்திருப்பேனா? கோயிலில் சொன்னேன், கலியாண வீட்டில் சொன்னேன். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் கடைக்கு வந்து கையைப் பிடித்தார்.

"அண்ணை, படிச்சவங்கள் பேசிக்கொண்டிருக்கிறாங்கள். நீங்கள் செய்து காட்டிப்போட்டியள். இந்த முறை ஒண்டுகூடலிலை உங்களுக்குப் பொன்னாடை."

"உது என்னத்துக்கு," என்றேன். ஆனால் சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் வியாழக்கிழமை அவர் கடைக்கு வந்தார். வேலை நேரம், ஆனால் கையில் தும்புத்தடி இல்லை. கோடை வெயிலில் அந்தக் குளிர்க்கோட்டைப் போட்டிருந்தார். 

"ஊரிலையிருந்து ரெலிபோன் வந்தது," என்றார். "உன்ரை மிசின் நிமிசத்துக்கு எவ்வளவு இறைக்கும்?"

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. ஆனால் கெட்ட செய்தி என்று விளங்கவில்லை. சந்தோசத்தில் கேட்கிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பெருமையாகவே சொன்னேன்.

"மூண்டு நாள் ஓடினது," என்றார்.

பம்ப் வந்த காட்போட் பெட்டி ஒன்று தரையில் கிடந்தது. அதை எடுத்து, என் மேசைப் பேனையால் அதன் பக்கத்தில் கோடு போடத் தொடங்கினார். ஒரு கோடு, ஊர் முழுவதும் ஒரு நாள் குடிக்கிற தண்ணீர். போட்டுக்கொண்டே போனார். ஒரு பக்கம் நிரம்பியது. பெட்டியைத் திருப்பினார். மறுபக்கத்திலும் போட்டார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேனையை வைத்தபோது நான் எண்ணவில்லை. அவர்தான் சொன்னார்.

"ஐப்பசி மழை வரைக்கும் குடிக்க இருந்தது. அஞ்சு மாசம். மூண்டு நாளிலை முடிஞ்சுது."

"இருக்காது. ஊற வேணுமே. விட்டுப் பாத்தவையோ? ஒரு கிழமை விட்டால் ஊறும்."

"எங்கையிருந்து?"

"அடியிலை ஊத்துக்கண்..."

"அடியிலை கல்லு," என்றார். "அது ஊத்து இல்லை மிஸ்ரர் பம்ப். வைச்சிருந்தது. சட்டிக்குள்ளை சோறு வைச்சிருக்கிற மாதிரி வைச்சிருந்தது."

தண்ணீர் பாய்ந்து வந்ததைப் பார்த்து முதல் நாள் சனம் கைதட்டியதாம். மாடுகள் நாலு ஊரிலிருந்து வந்ததாம். இரண்டாம் நாள் குறைந்தபோது சிலர் பயந்திருக்கிறார்கள். ஆனால் கடிதத்தில் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் எட்டு வருடம் தடி பிடித்த பெண். அவருடைய சொல்லை நம்பி நிறுத்தாமல் இறைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மிசின் காற்றை இழுத்திருக்கிறது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வேலிக்கு வெளியே நின்றே கண்டுபிடிப்பேன் என்றேனே, அந்தக் காது. அன்றைக்குக் கடைக்குள் அது எனக்குக் கேட்டது. 

இப்போது ஊர்ச்சனம் இரண்டு மணித்தியாலம் நடந்து மேற்பக்கத்து ஊரின் சுவரடிக்குப் போகிறது. அந்த ஊரார் இரங்கிக் கொஞ்சம் விடுகிறார்கள். வரிசை நீளம். தண்ணீரை முடித்தவருடைய வீட்டுக்கு வரிசையில் கடைசி இடம் என்று ஊர்ப் பெண்கள் தீர்த்திருக்கிறார்கள். அவருடைய மகள் கடைசியில் நிற்கிறாள். பல நாளில் அவளுடைய முறை வரும்போது கலங்கல் சேறுதான்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை ஊர்ப் பெண்களின்ரை தலைவி பட்டணத்துச் சேர்ச்சுக்கு வாறா. அங்கை ரெலிபோன் இருக்கு," என்றார். "இஞ்சையிருந்து எடுத்துக் கதைக்கலாமோ?"

"எடுங்கோ. நான் கதைக்கிறன். நான்தான் அனுப்பினனான் எண்டு நானே சொல்லுறன்."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். பெட்டி அங்கேயே கிடந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டாள்.

"எங்கடை தோட்டக் கிணறு ஏன் உவராப் போனது எண்டு நினைக்கிறியள்?"

"கடல் கிட்ட. அது..."

"கடல் அண்டைக்குத்தான் கிட்ட வந்ததோ? என்ரை அப்பா துலாவாலை இறைக்கேக்கை அது நல்ல தண்ணி. நீங்கள் மிசின் கொண்டுவந்து பத்து வருசம் அடிச்ச பிறகுதான் பிள்ளைக்குப் பால்மா கரைக்கேலாமல் போனது. மேலை இருந்த நல்ல தண்ணியை இழுத்தால் கீழை இருந்து உப்புத்தண்ணி வரும்தானே. ஊர் முழுக்கத் தெரியும். உங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல விட்டனீங்களே?"

என் தொழில் முப்பது வருடம். அந்தத் தொழிலைப் பற்றி என் சமையலறையில் நின்று என் மனைவி சொன்னது எனக்குப் புதுச் செய்தி. 

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. சனிக்கிழமை ஒன்றுகூடலுக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூங்காவில் கயிறிழுத்தல் நடந்துகொண்டிருந்தது, கோழி வாட்டுகிற புகை, முந்நூறு நானூறு பேர். தலைவர் ஒலிபெருக்கியில், "ஆபிரிக்காவின் தாகம் தீர்த்த எங்கள் ஊர் மைந்தன்" என்றார். சனம் கைதட்டியது. நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்தார்கள். பொன்னாடையைத் தோளில் போட்டார்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன். மனைவி காருக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தேன். அங்கே மத்தியானம் இரண்டு மணி. அவர் முதலே வாசலில் நின்றார். என் இங்கிலீசில் நான் சொல்லப்போவதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: மிசின் என்னுடையது, கடிதம் என்னுடையது, இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மூன்று வசனம். நம்பரை அவர் சுழற்றினார். மறுபக்கத்தில் ஒரு பெண்குரல் வந்தது.

அவர் தங்கள் பாசையில் பேசத் தொடங்கினார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் ரிசீவரைத் தரவில்லை. நெடுநேரம் கேட்டார், கொஞ்சம் சொன்னார். ஒரு இடத்தில் மறுபக்கத்துக் குரல் உயர்ந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டார்.

"என்ன இது? நான் கதைக்க வேணுமெண்டு சொன்னனான். திருப்பி எடுங்கோ."

"முடிஞ்சுது," என்றார். "நாளையிலையிருந்து மகளுக்கு அவளின்ரை இடம் திரும்பக் கிடைக்கும்."

"எப்பிடி? என்ன சொன்னனீங்கள்?"

"நான்தான் அனுப்பினனான் எண்டு சொன்னன்."

 காதில் சரியாக விழவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னார்.

"விசரோ உங்களுக்கு? பிழை விட்டது நான். உங்கடை பேரை ஏன் பழுதாக்கிறியள்?"

"கடிதத்திலை என்ரை பேர்தானே கிடந்தது," என்றார். கோபமில்லை. ஒரு கோணல் திருகாணியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். "கனடாவிலை ஒரு பணக்காரன் பிழை விட்டவன் எண்டு சொன்னா, அந்தப் பணக்காரன் வந்து திருத்தித் தருவான் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பினம். சுவர் அப்பிடியே கிடக்கும். எங்கடை ஆள் ஒருத்தி பிழை விட்டவள் எண்டா, நாங்களே எழும்பித் திருத்துவம். சட்டம் இருக்குது."

"என்ன சட்டம்?"

"தண்ணிச் சட்டத்தை முறிச்ச ஆள் ஒரு வறட்சிக் காலம் முழுக்கச் சுவருக்குக் கல்லுச் சுமக்க வேணும். சுவரை ஒரு படி உயர்த்த வேணும். உயர்த்தினால் மணல் கூடப் பிடிக்கும், தண்ணி கூட நிக்கும். வாறன் எண்டு சொல்லிப்போட்டன். சுமக்க ஒத்துக்கொண்டால் வீட்டுக்கு வரிசைத் தண்டனை இல்லை."

"ஆள் பிடிச்சுக் கல்லுச் சுமப்பிக்கலாம். நான் ஆள் பிடிச்சுத் தாறன். சீமெந்து எத்தினை மூட்டை வேணும்? சொல்லுங்கோ."

"சுமக்கிறது தோள். தோளை வாடகைக்கு எடுக்கேலாது."

"உங்கடை பேப்பர்? அடுத்த மாசமெல்லோ வரப்போகுது? இப்ப போனா எல்லாம் போச்சு."

"ஓம்," என்றார். "அதுவும் தெரியும்."

நாங்கள் எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கள்ளப் பாஸ்போர்ட்டில், நாலு நாடு சுற்றி, அந்தப் பேப்பருக்காகத்தான் இங்கே வந்தோம். பேப்பர் வரப்போகிற நேரத்தில் திரும்பிப் போகிற ஒரு மனிசரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்பும் காணவில்லை. சங்கத்தில் யாரிடமாவது சொன்னால் "அது மண்டை பிழைச்ச கேஸ்" என்றிருப்பார்கள். என் வாயிலும் அதுதான் வந்தது. சொல்லவில்லை. 

இரண்டு கிழமையில் போய்விட்டார். விமான நிலையத்துக்கு என் வானில்தான் கூட்டிப்போனேன். மனைவியும் வந்தாள். வழி முழுவதும் அவர்கள் இருவரும் பின் ஆசனத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னோடு அவர் கதைத்தது வானை விட்டு இறங்கிய பிறகு ஒரு முறைதான்: இடது பக்கச் சில்லில் காற்றுக் குறைவாக இருக்கிறது, பார்த்துக்கொள் என்றார். உண்மையாகவே குறைவாக இருந்தது.

அடுத்த வருடம் மனைவிக்கு அவருடைய மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐப்பசி மழை ஒழுங்காகப் பெய்யவில்லை. பிந்தி, ஒரே கிழமையில் கொட்டியிருக்கிறது. ஆனால் சுவர் ஒரு படி உயர்ந்திருந்ததால் அந்த ஒரு கிழமை வெள்ளத்தையே பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாள். தாயின் வலது தோள் இன்னும் முழுதாகத் தூக்க முடியாமல் இருக்கிறது. தடியை வேறு ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

அந்தக் கோடையிலும் ஒன்றுகூடல் நடந்தது. தலைவர் மேடையில், இந்த முறை இன்னொரு நாட்டுக்கு ஒரு மிசின் அனுப்புவோம், அண்ணை ஆலோசனை சொல்லுவார் என்று ஒலிபெருக்கியை என் கையில் தந்தார். நான் சொன்னேன். மிசின் அந்த ஊரின் ஐந்து மாதத் தண்ணீரை மூன்று நாளில் குடித்ததைச் சொன்னேன். பொய்க் கடிதத்தைச் சொன்னேன். வேறொருத்தி எனக்காகக் கல் சுமந்ததைச் சொன்னேன். "நான் பிழை விட்டனான்" என்று முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னேன்.

சனம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர், "அண்ணை அடக்கமாப் பகிடி விடுறார்," என்றார். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனிசர் இப்படித்தான் பேசுவார்கள் என்றார். இத்தனை வருடம் என் பெருமையை நானே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டேன். என் வாயிலிருந்து வேறு எது வந்தாலும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. ஒலிபெருக்கியைத் தலைவரின் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால்தான் இப்போது எழுத்தில் வைக்கிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். ஆனால் இதைத் திருத்த வேண்டாம். அந்த மிசினை அனுப்பியவன் நான். நிறுத்தாமல் இறைக்கச் சொன்னவன் நான். அந்தப் பெண் வேண்டாம் என்றார்.